கிழக்கு ஜன்னலும் நைட் ஷிஃப்ட்டும்

எனக்குப் பொறுமை அறவே கிடையாது. குக்கர் மூன்றாவது விசில் அடிப்பதற்குள் இரண்டு முறை அடுப்படிக்குப் போய் எட்டிப் பார்த்துவிட்டு வருகிற ஆள் நான். பஸ் வரவில்லையென்று அடுத்த நிறுத்தம் வரை நடந்தே போய், நடுவழியில் அந்த பஸ்ஸையே தவறவிட்டிருக்கிறேன். இந்தக் குணத்துக்காக வீட்டில் கேலியும் ஏச்சும் வாங்கியதுண்டு. ஆனால் இதனால் இன்னொருவரின் தூக்கம் பறிபோகும், அந்தத் தூக்கத்தோடு உயிரும் ஊசலாடும் என்பது போன கத்திரி வெயிலில்தான் எனக்கு உறைத்தது.

என் கணவருக்கு சுரங்கத்தில் பெல்ட் வேலை. வெட்டிய மண்ணையும், கரண்ட் எடுக்கிற கரியையும் சுமந்துகொண்டு கண்ணுக்கெட்டாத தூரம் வரை ஓடுகிற ரப்பர் பெல்ட்டின் பக்கத்திலேயே நின்று அதைக் கவனித்துக்கொள்ள வேண்டும். ஒரு வாரம் காலை, ஒரு வாரம் மதியம், ஒரு வாரம் இரவு என்று முப்பது வருஷமாக மாறி மாறிப் போய் வந்த உடம்பு அது. நைட் ஷிஃப்ட் வாரத்தில் காலை ஏழு மணிக்கு வீடு திரும்புவார். குளித்து, இரண்டு இட்லியைப் பிட்டுப் போட்டுக்கொண்டு எட்டு மணிக்குப் படுத்தால் மத்தியானம் இரண்டு மணிக்கு எழுந்திருப்பார். அடுத்த இரவு முழுக்க அந்த ஆறு மணி நேரத்தை வைத்துத்தான் ஓட்டியாக வேண்டும். பெல்ட் பக்கத்தில் நிற்கிறவருக்குக் கண் சொக்கினால் என்ன நடக்கும் என்று இந்த ஊரில் யாரும் யாருக்கும் விளக்கிச் சொல்வதில்லை. எல்லோருக்கும் தெரியும், யாரும் வாய்விட்டுச் சொல்ல மாட்டார்கள்.

இருபத்திரண்டு வருஷம் டவுன்ஷிப் குவார்ட்டர்ஸில் இருந்தோம். படுக்கையறையில் ஒரே ஒரு ஜன்னல். மரக்கதவு போட்ட சின்ன ஜன்னல், அதுவும் வராண்டாவைப் பார்த்தபடி. அதை நான் உண்டியல் என்றுதான் சொல்வேன். திறந்தாலும் பெரிதாக வெளிச்சம் வராது, கரித்தூசிதான் வரும் என்பதால் திறப்பதும் கிடையாது. காலையில் எழுந்ததும் லைட்டைப் போட்டால்தான் விடிந்ததே தெரியும். ஒரு நாளாவது முகத்தில் வெயில் பட்டு எழுந்திருக்க மாட்டோமா என்று எனக்கு ஏக்கமாக இருக்கும். அவரிடம் சொன்னால், "வெயில்பட எழுந்திருக்கணும்னா மொட்டை மாடில போய்ப் படு" என்பார்.

அதனால் டவுன்ஷிப்புக்கு வெளியே வடக்குத்து என்கிற ஊரில் மனை வாங்கி வீடு கட்டும்போது நான் கேட்டது ஒன்றே ஒன்றுதான். படுக்கையறைக்குக் கிழக்குப் பக்கம் பெரிய ஜன்னல் வேண்டும். கொத்தனார் அளவைக் கேட்டுவிட்டு, "இம்மாம் பெருசாங்களா? மேல சன்ஷேடு அவ்ளோ நீட்ட முடியாதுங்களே" என்று தலையைச் சொறிந்தார். "சன்ஷேடே வேண்டாம், வெயில் வரத்தானே ஜன்னல்" என்று நான் அவர் வாயை அடைத்தேன். தெற்கிலும் ஒன்று வைத்தோம். இரண்டுக்கும் தள்ளித் திறக்கிற கண்ணாடிக் கதவு. நைட் ஷிஃப்ட்காரர் படுக்கிற அறையில், அவர் படுக்கப் போகிற நேரத்துக்குச் சரியாக வெயில் வந்து விழும்படி ஜன்னல் வைத்தவள் இந்தச் சுற்றுவட்டாரத்திலேயே நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். கட்டும்போது அது என் மண்டையில் ஏறவேயில்லை. அவருக்கு ஏறியிருக்க வேண்டும். ஆனால் அவர் சொல்லவில்லை.

ரிடையர் ஆக இன்னும் இரண்டு வருஷம் இருந்தது. அதுவரை குவார்ட்டர்ஸிலேயே இருங்கள், புது வீட்டை வாடகைக்கு விடுங்கள் என்று தெரிந்தவர்கள் எல்லோரும் சொன்னார்கள். எனக்குத்தான் இருப்புக்கொள்ளவில்லை. சொந்த வீடு சுண்ணாம்பு வாசனையோடு பூட்டிக் கிடக்கும்போது நான் ஏன் உண்டியலுக்குள் கிடக்க வேண்டும்? தை மாதம் பால் காய்ச்சினோம், அந்த வாரமே சாமானை ஏற்றிவிட்டேன். தையிலும் மாசியிலும் அந்த வெயில் என்ன சுகம்! கட்டிலில் உட்கார்ந்து, காலில் வெயில் படக் காப்பி குடித்தேன். தெருவில் போகிறவர்களையெல்லாம் கூப்பிட்டு ஜன்னலைக் காட்டினேன்.

பங்குனி போய்ச் சித்திரை வந்தது. கத்திரி தொடங்கிய வாரம் அவருக்கு நைட் ஷிஃப்ட். முதல் நாள் எட்டு மணிக்குப் படுத்தார். ஒன்பதரைக்குக் கதவைத் திறந்து பார்த்தால் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்திருக்கிறார். பனியன் முதுகோடு ஒட்டியிருந்தது.

"என்னங்க, தூங்கலையா?"

"இல்ல, தண்ணி குடிக்கலாம்னு."

தண்ணீர்ச் செம்பு பக்கத்திலேயே நிரம்பி இருந்தது. ஏ.சி.யைப் போட்டேன். குவார்ட்டர்ஸில் கம்பெனி கரண்ட், அதைப் பற்றி நாங்கள் பெரிதாகக் கவலைப்பட்டதில்லை. போட்டது போட்டபடி ஓடும், அணைக்கிற பழக்கமே எங்கள் கைகளுக்கு இல்லை. இங்கே வெயில் ஏறினால் வோல்டேஜ் இறங்கியது. ஸ்டெபிலைசர் டக் என்று நிற்கும், பிறகு டக் என்று வரும். ஓடினாலும் அறை குளிரவில்லை, ஏ.சி.தான் நிற்காமல் இரைந்தது. வாசலில் மீட்டரின் சிவப்பு விளக்கு வேகவேகமாகச் சிமிட்டியது. அதைப் பார்த்துப் பார்த்து, பில் எவ்வளவு வரும் என்று கணக்குப் போட்டேன். ஊருக்கெல்லாம் கரண்ட் போவதற்காக ராத்திரி முழுக்கக் கண்விழித்தவர், பகலில் தன் வீட்டில் ஒரு ஏ.சி.க்குக் கரண்ட் போதாமல் விசிறியோடு உட்கார்ந்திருந்தார்.

வெயில் ஒரு பக்கம் என்றால் சத்தம் ஒரு பக்கம். எங்கள் குவார்ட்டர்ஸ் தெருவில் ஒரு வழக்கம் உண்டு. கேட்டில் ஒரு துண்டு தொங்கினால், உள்ளே நைட் ஷிஃப்ட் முடித்த ஆள் தூங்குகிறார் என்று அர்த்தம். காய்காரர் அந்த வாசலில் குரல் கொடுக்க மாட்டார், கேஸ்காரர் சிலிண்டரை உருட்டாமல் தூக்கிக்கொண்டு வருவார். புது வீட்டிலும் கேட்டில் துண்டைத் தொங்கவிட்டேன். பத்து நிமிஷத்தில் எதிர் வீட்டுப் பெண் அதை மடித்து எடுத்துக்கொண்டு காலிங்பெல்லை அமுக்கினாள். "துண்டு காத்துல பறந்துகினு இருக்குதுங்க யக்கா. மாடு மென்னுட்டா இன்னா பண்ணுவீங்க?" அவள் வளையமாதேவிப் பக்கத்துக்காரி. அங்கே அடுத்தவர் வயலில் நாற்று நட்டுக்கொண்டிருந்தவள், வயலெல்லாம் சுரங்கத்துக்குப் போன பிறகு இங்கே வந்து, இப்போது கான்ட்ராக்டில் துப்புரவு வேலைக்குப் போகிறாள். நல்லெண்ணத்தோடு வந்தவளிடம் என்ன சொல்வது? நன்றி சொல்லித் துண்டை வாங்கிக்கொண்டேன். உள்ளே அவர் எழுந்துவிட்டார்.

மூன்றாம் நாள் காலையில் அவர் முழங்கையில் சிராய்ப்போடு வந்தார். வண்டிக்குக் குறுக்கே நாய் வந்துவிட்டது என்றார். சட்டையைத் துவைக்க எடுத்தால் முதுகெல்லாம் காய்ந்த புல்.

"நாய் குறுக்க வந்தா புல்லு எப்படிங்க முதுகுல ஒட்டும்?"

அவர் முழங்கையைத் தடவிக்கொண்டார். பிறகு சொன்னார், "கண்ணு திறந்துதான் இருந்துச்சு. ரோடுதான் தெரியல. பள்ளத்துல இறங்கின பிறகுதான் முழிச்சேன்."

ரோட்டில் நேர்ந்தது பெல்ட் பக்கத்தில் நேர்ந்திருந்தால்? அந்த நினைப்பை முடிக்கக்கூட என்னால் முடியவில்லை. அப்போதும் அவர் ஜன்னலைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. திட்டியிருந்தால் பதிலுக்கு நானும் நாலு வார்த்தை பேசி ஆறியிருப்பேன். அவர் சும்மா இருந்ததுதான் என்னை அரித்தது.

உடனே ஸ்கூட்டியை எடுத்துக்கொண்டு மெயின் பஜாருக்குப் போனேன். அங்கே ஒரு பாய் திரைத்துணிக் கடை வைத்திருக்கிறார். குவார்ட்டர்ஸ் காலத்திலிருந்து பழக்கம்.

"நல்ல கனமா, ஒரு பொட்டு வெளிச்சம் வராத மாதிரி திரை குடுங்க பாய்."

"எந்தப் பக்கத்து ஜன்னல்மா?"

"எந்தப் பக்கமா இருந்தா என்ன? வெயில் வரக் கூடாது."

அவர் நிதானமாகத் துணிகளை எடுத்துப் போட்டார். "டார்க் கலர் தனியாப் போட்டா சூட்டை வாங்கி வச்சுக்கும்மா. வெயில் பக்கம் பார்க்கிற மாதிரி வெள்ளை லைனிங் வச்சுத் தச்சுத் தரேன்."

"எத்தனை நாள் ஆகும்?"

"மூணு நாள்."

மூன்று நாளாம்! நான் கண்ணாடிப் பெட்டியில் தொங்கிய அரக்கு நிற ரெடிமேட் திரையைக் காட்டி, அதைக் கட்டச் சொன்னேன். பாய் அதையே மடித்துக் கட்டிக் கொடுத்தார். வியாபாரிக்கு என் குணம் தெரியும்.

அன்று மத்தியானமே ஆள் வைத்துக் கம்பி அடித்து இரண்டு ஜன்னலுக்கும் மாட்டினேன். அறை கும்மிருட்டானது. ஜெயித்துவிட்டேன் என்று நினைத்தேன். மறுநாள் அவர் படுத்தார். ஒன்பது மணிக்குப் புரள்கிற சத்தம் கேட்டது. மெதுவாகப் போய்த் திரைக்கும் கண்ணாடிக்கும் நடுவில் கையை விட்டேன். இட்லிப் பானையைத் திறந்ததும் கையில் அடிக்கிற ஆவி மாதிரி இருந்தது. வெளிச்சம் நின்றதே தவிர சூடு நிற்கவில்லை. கண்ணாடியைத் தாண்டி வந்த வெயிலையெல்லாம் அந்தத் துணி குடித்துவிட்டு, மேலே இருந்த இடைவெளி வழியாக அறைக்குள் விட்டுக்கொண்டிருந்தது. அவர் ஈரத்துண்டை நெஞ்சில் போட்டுக்கொண்டு கண்ணை மூடிக் கிடந்தார். தூங்குகிற மாதிரி நடிக்கிறார் என்று எனக்குத் தெரிந்தது. எனக்காக நடிக்கிறார் என்பதும் தெரிந்தது.

அந்த வாரம் எப்படியோ ஓடியது. அடுத்த நைட் ஷிஃப்ட்டுக்கு இரண்டு வாரம் இருந்தது. அதற்குள் என்னென்னவோ செய்தேன். அரக்குத் திரைக்குப் பின்னால் இன்னொரு திரை தொங்கவிட்டேன். அதுவும் போதாதென்று தெர்மகோல் அட்டைகளை வாங்கி, கண்ணாடியின் உள்பக்கம் இண்டு இடுக்கில்லாமல் செருகினேன். ராத்திரியும் எதையும் திறக்கவில்லை. குவார்ட்டர்ஸ் பழக்கம், ஜன்னலைத் திறந்தால் தூசி வரும் என்று கையே போகாது. எதிர் வீட்டுப் பெண் ஒருநாள் பார்த்துவிட்டு, "ராத்திரில இன்னாத்துக்குங்க இப்பிடி மூடிகினு படுக்கறீங்க? வூடு ஆற வேணாமா?" என்றாள். எனக்கா புத்தி சொல்கிறாய் என்று மனசுக்குள் முறைத்தேன்.

இரண்டாவது நைட் ஷிஃப்ட் வாரம் வந்தது. முதல் நாள் காலை பத்து மணிக்குப் படுக்கையறையிலிருந்து பளீரென்று ஒரு சத்தம். ஓடினேன். தெர்மகோலுக்கும் வெயிலுக்கும் நடுவில் சூடேறிய கண்ணாடி, இந்த மூலையிலிருந்து அந்த மூலை வரை கோடு விட்டிருந்தது. அவர் கட்டிலை விட்டு எழுந்து, கதவோரம் நின்று, "பெல்ட்டா? பெல்ட் அறுந்துடுச்சா?" என்றார். நான் என்ன சொல்லியும் அதற்கு மேல் அவர் படுக்கவில்லை.

மறுநாளிலிருந்து அவர் தாமதமாக வர ஆரம்பித்தார். முதல் நாள் பதினொரு மணி, அடுத்த நாள் பன்னிரண்டு. கேட்டால் ஓ.டி., ஓவர்டைம் என்றார். வந்து குளிப்பார், சாப்பிடுவார், பேப்பர் பார்ப்பார். அவர் கண்ணில் சிவப்பு இல்லை, பேச்சில் எரிச்சல் இல்லை. ராத்திரி முழுக்க வேலை, அதற்கு மேல் ஐந்து மணி நேரம் ஓ.டி., ஆனால் ஆள் தெளிவாக இருக்கிறார். நான் சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். எனக்கோ உள்ளுக்குள் குடைந்தது. ஏதாவது ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டு வருகிறாரா? நெஞ்சு வலி, அது இது என்று மறைக்கிறாரா? கேட்க வாய் வரவில்லை. கேட்டால் உண்மையைச் சொல்லிவிடுவாரோ என்ற பயம்.

நாலாம் நாள் காலை ஒன்பதரைக்கு, இன்னும் கனமான திரை வாங்குவதற்காக மறுபடியும் பாய் கடைக்குக் கிளம்பினேன். இரண்டு திரையும் தெர்மகோலும் தோற்ற பிறகும் இன்னொரு திரை வாங்கக் கிளம்பிய என் மூளையை என்ன சொல்ல? டவுன்ஷிப்புக்குள் நுழைந்ததும் வண்டி பழக்கதோஷத்தில் எங்கள் பழைய தெருவுக்குள் திரும்பியது. நாங்கள் காலி செய்த குவார்ட்டர்ஸ் இன்னும் யாருக்கும் ஒதுக்கப்படாமல் பூட்டித்தான் கிடந்தது. அதன் கேட்டில் ஒரு துண்டு தொங்கியது.

அது எங்கள் வீட்டுத் துண்டு. நீலக் கரை போட்டது, நான் வாங்கியது. மரத்தடியில் அவருடைய வண்டி நின்றது.

வண்டியை நிறுத்திவிட்டுச் சத்தமில்லாமல் கேட்டைத் தள்ளி உள்ளே போனேன். வராண்டாவில் பேப்பரை விரித்து, சாப்பாட்டுப் பையைத் தலைக்கு வைத்து, சுவரோரமாக ஒருக்களித்துப் படுத்திருந்தார். வாய் லேசாகத் திறந்திருந்தது. யூனிஃபார்மைக்கூடக் கழற்றவில்லை. அப்படி ஒரு தூக்கத்தை நான் பார்த்து மாசக்கணக்காகியிருந்தது.

முதலில் வந்தது கோபம்தான். நான் இருபத்திரண்டு வருஷம் திட்டித் தீர்த்த வீட்டின் வாசலில், அடைக்கலம் கேட்டு வந்தவர் போல் போய்ப் படுத்திருக்கிறாரே என்று. கடன் வாங்கிக் கட்டிய வீடு, கட்டில், மெத்தை, ஏ.சி. எல்லாம் அங்கே இருக்க, வெறும் சிமென்ட் தரையில் என்ன வேண்டியிருக்கிறது? அக்கம்பக்கத்தில் பார்த்தவர்கள் என்ன நினைப்பார்கள்? எழுப்பிக் கேட்டுவிடலாம் என்று குனிந்தேன். அவர் முழங்கைச் சிராய்ப்பு ஆறி, தோல் வெளுத்துத் தெரிந்தது. நிமிர்ந்துவிட்டேன். வெட்கமாக இருந்தது. உன் ஜன்னல் என்னைத் தூங்கவிடவில்லை என்று சொல்ல மனசில்லாமல் இந்த மனிதர் இங்கே வந்து படுத்திருக்கிறார்.

சாய்ந்து நிற்பதற்காகச் சுவரில் கை வைத்தேன். ஜில்லென்று இருந்தது. மணி பத்தாகப் போகிறது, கத்திரி முடிந்தும் குறையாத வெயில், சுவர் ஜில்லென்று இருக்கிறது. இத்தனைக்கும் இதுவும் கிழக்குப் பார்த்த வராண்டாதான். மரக்கதவு போட்ட அந்தப் பழைய உண்டியல் ஜன்னலைத் தொட்டேன். அதுவும் ஜில். அப்போதுதான் திரும்பிப் பார்த்தேன். வெயில் மரத்தில் பாதி நின்றுவிட்டது. மீதி வராண்டாக் கூரை ஓரத்தோடு படியில் விழுந்து அங்கேயே நின்றது. இத்தனை வருஷத்தில் அந்த ஜன்னல்மேல் வெயில் பட்டதே கிடையாது. ஜன்னல் சின்னதாக இருந்ததால்தான் வீடு குளிர்ந்தது என்று நினைத்துக்கொண்டிருந்தேன். மரமும் கூரையும்தான் வெயிலை வெளியிலேயே நிறுத்தியிருந்தன. நானோ வெயிலைக் கண்ணாடி தாண்டி வீட்டுக்குள் வரவிட்டுவிட்டு, பிறகு துணியை வைத்து விரட்டிக்கொண்டிருந்தேன்.

பாய் கடையில் போய் உட்கார்ந்ததும், "ஜன்னலுக்கு வெளியில தொங்கவிட என்ன இருக்கு பாய்?" என்றேன்.

அவர் சிரித்தார். "துணிக்கடைல வந்து வெளிய கட்டறதைக் கேட்கறீங்களே. வெளிய துணி தாங்காதும்மா. மூங்கில் தட்டி போடுங்க. கண்ணாடில ஒட்டாம ஒரு சாண் தள்ளித் தொங்கணும், நடுவுல காத்து போகணும். உள்ள வேணா நான் தச்சுத் தரேன். அன்னிக்குச் சொன்னேனே, வெள்ளை லைனிங்." பிறகு ஜாக்கிரதையாக, "மூணு நாள் ஆகும்மா" என்றார்.

"ஆகட்டும்" என்றேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

அன்று என் வீட்டுக்காரர் பன்னிரண்டு மணிக்கு வந்து ஓ.டி. என்றார். நானும் ஆமாம், ஓ.டி. என்று சோறு போட்டேன். பார்த்ததைச் சொல்லவில்லை. சொன்னால் அவர் அங்கே போவதை நிறுத்திவிடுவார். இங்கேயும் தூக்கமில்லை, அங்கேயும் இல்லையென்றால் ராத்திரி எப்படிப் பெல்ட் பக்கம் நிற்பார்? அந்த வாரத்தின் மீதி நாட்களில் தினமும் காலை ஏழிலிருந்து பன்னிரண்டு வரை நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். என் புருஷன் எங்கே தூங்குகிறார் என்று தெரிந்தும், தெரியாத மாதிரி வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தேன்.

தட்டி வரும்வரை சும்மா இருக்க முடியுமா? எதிர் வீட்டுப் பெண் ஆட்டுக்கொட்டகைக்குக் கட்டியது போக மீதியிருந்த பச்சை வலையைக் கொடுத்தாள். இரண்டு பேரும் ஏணி போட்டு ஜன்னலுக்கு வெளியே கட்டினோம். சூடு குறைந்தது. ஆனால் காற்றில் அது படபடவென்று அடித்துக்கொண்ட சத்தத்தில் ஆடுகூடத் தூங்காது. அவிழ்த்தோம். மேல்பட்டாம்பாக்கத்திலிருந்து மூங்கில் தட்டி வந்தது. அதை ஜன்னலைவிட இரண்டு பக்கமும் ஒரு முழம் அகலமாக, ஒரு சாண் தள்ளித் தொங்கவிட்டு, காற்றில் ஆடாமல் கீழே கொக்கியில் கட்டினோம். கோடு விழுந்த கண்ணாடியை மாற்றினேன். பாய் தைத்த திரை தரையைத் தொட்டது. மேலே ஒரு மரப்பெட்டி அடித்துக் கம்பியை மூடச் சொன்னேன். பிறகு ஊதுபத்தியைக் கொளுத்தித் திரையின் ஓரமாகக் கொண்டுபோனேன். புகை எங்கே இழுத்துக்கொண்டு போகிறதோ அங்கே இடுக்கு இருக்கிறது என்று அர்த்தம். அந்த இடத்திலெல்லாம் துணியைச் சுவரோடு சேர்த்து மாட்டிக் கழற்றும்படி கொக்கி அடித்தேன்.

ராத்திரி படுக்கும்போது திரையையும் தட்டியையும் சுருட்டிவிட்டு ஜன்னலை அகலத் திறந்தேன். எதிர் வீட்டுப் பெண்ணைப் பார்த்து, "உன் பேச்சைத்தான் கேட்டிருக்கேன்" என்றதும், "இப்பவாவது கேட்டீங்களே" என்று சிரித்தாள். விடிந்ததும் தரையெல்லாம் தூசி. துடைத்தேன். ஆறு மணிக்கு, வெயில் ஜன்னலைத் தொடுவதற்கு முன்னால், தட்டியை இறக்கிக் கதவைச் சாத்தித் திரையை இழுத்துவிட்டேன். கரண்ட் ஒழுங்காக இருக்கும்போதே ஏ.சி.யை ஒரு மணி நேரம் ஓட்டி நிறுத்தினேன். பத்து மணிக்கு அவர் இடத்தில் படுத்துச் சோதித்துப் பார்த்தேன். பகலில் படுத்துப் பழக்கமே இல்லாத நான் அசந்துவிட்டேன். எழுந்து பார்த்தால் மணி பன்னிரண்டு, குளிர் அப்படியே நிற்கிறது. வெளியே வைத்திருந்த தோசை மாவு பொங்கி மேடையெல்லாம் வழிந்திருந்தது. மாவு போனால் போகட்டும் என்று இருந்தது எனக்கு.

அறை இருட்டுதான். நான் ஆசைப்பட்ட காலை வெயிலை நானே மூங்கிலும் துணியும் போட்டு மூடிவிட்டேன். வருத்தம் இல்லையென்று சொன்னால் பொய். அடுப்படிப் பக்கம் கொஞ்சம் வெயில் வருகிறது, இப்போதெல்லாம் அங்கே நின்று காப்பி குடிக்கிறேன்.

மூன்றாவது நைட் ஷிஃப்ட் வாரம் ஞாயிற்றுக்கிழமை இரவு தொடங்கியது. அவருக்குச் சாப்பாடு போடும்போது, "ஜன்னல் வேலையெல்லாம் முடிஞ்சுது. நாளைக்கு இங்க படுத்துப் பாருங்க" என்றேன்.

அவர் தட்டிலிருந்து நிமிர்ந்தார். "வேற எங்க படுக்கப்போறேன்?"

நான் ரசத்தை ஊற்றினேன். அவரும் பிசைந்து சாப்பிட்டார்.

திங்கட்கிழமை காலை ஏழு மணிக்கு வாசலில் நின்றேன். ஏழே காலுக்கு உள்ளே போய் இட்லியைப் பார்த்துவிட்டு மறுபடியும் வந்தேன். எதிர் வீட்டுப் பெண் வேலைக்குக் கிளம்பியவள், "யாருக்குங்க காத்துகினு இருக்கீங்க?" என்றாள். "பால்காரர்" என்றேன். பால் ஏற்கெனவே வந்தாகிவிட்டது என்பது அவளுக்கும் தெரியும். ஏழரை ஆனது. அங்கேதான் போயிருப்பார் என்று முடிவு செய்தேன். இரண்டு வருஷம் முழுக்க இப்படித்தான் ஓடும், இந்த வீட்டில் அவர் சாப்பிட மட்டும் வருவார் என்று நினைத்தபோது அழுகை முட்டியது. ஏழே முக்காலுக்கு வண்டிச் சத்தம் கேட்டது. கேட்டைத் திறந்துகொண்டே, "பெட்ரோல் போட நின்னேன்" என்றார்.

எட்டரைக்குப் படுத்தார். நான் கதவைத் திறந்து பார்க்கக் கூடாது என்று கையைக் கட்டிக்கொண்டு கூடத்தில் உட்கார்ந்திருந்தேன். பத்து மணிக்குக் கதவில் காதை வைத்தேன், குறட்டை. பதினொன்று, பன்னிரண்டு, இரண்டு என்று மணி போய்க்கொண்டே இருந்தது. குறட்டை நிற்கவில்லை. எனக்குத் துள்ளிக் குதிக்க வேண்டும் போலிருந்தது. மூன்று மணிக்கு, சாப்பிடாமல் கிடக்கிறாரே என்று உள்ளே போய்த் தோளைத் தொட்டேன்.

அவர் கண்ணைத் திறக்கவில்லை. உடம்பு மட்டும் விருட்டென்று சுருண்டு சுவரோரம் ஒதுங்கியது. "சார்... ஓரமாத்தான் சார் படுத்திருக்கேன்" என்றார். "பத்து நிமிஷம் சார். இதோ கிளம்பிடறேன்." கை தலையணைக்கு அடியில் சாப்பாட்டுப் பையைத் தேடியது.

அந்தக் குவார்ட்டர்ஸ் வராண்டாவில் யாரோ, செக்யூரிட்டியாக இருக்கும், அவரை எழுப்பிப் போகச் சொல்லியிருக்கிறார்கள். ஒரு நாளா, தினமுமா, தெரியவில்லை. முப்பது வருஷம் வேலை பார்த்தவர், ரிடையர் ஆகப் போகிறவர், பத்து நிமிஷத் தூக்கத்துக்கு இப்படிக் கெஞ்சியிருக்கிறார்.

நான் அவர் தலைமாட்டில் உட்கார்ந்தேன். "யாரும் போகச் சொல்லலங்க. இது உங்க வீடு. படுங்க" என்றேன். மூன்று தடவை சொல்ல வேண்டியிருந்தது.